பாலைக்கு ஓர் ஒத்திகை: பினாங்கில் நான்கு நாள்

செப்டம்பர் 13, சனி. ஆயர் ஈத்தாம்

நாலு நாள் விடுமுறை. பட்டர்வொர்த் ரயிலில் ஓர் இருக்கைகூடக் காலியில்லை. பெட்டிக்குள் குளிர் அதிகம். ஈப்போ வருவதற்குள் விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பேத்திக்காகக் கொண்டுவந்த துண்டுகளில் ஒன்றை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். "அம்பில், அம்பில்" என்று மடியிலேயே வைத்துவிட்டார். இறங்கும்போது துண்டை மடித்துக் கொடுத்தேன். பதிலுக்கு ஒரு பொட்டலம் கெரெப்போக், மீன் அப்பளம், கைக்கு வந்தது.

ஃபெரிக்கு 2 வெள்ளி, அதாவது ரிங்கிட். கடல் அமைதியாக இருந்தது. கொடிமலை என்று நாங்கள் சொல்லும் பினாங்கு மலை மேல் மட்டும் மேகம் கறுத்துக் கிடந்தது. அக்கரையில் இறங்கி ஆயர் ஈத்தாம் போய்ச் சேருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

"சாப்டியாய்யா?" கதவைத் திறந்ததும் அத்தையின் முதல் கேள்வி. மணி மூன்றரை. சோறு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, கங்கோங் கீரை, பொரித்த அப்பளம். தட்டை வழித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை வந்த காரியத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

வந்த காரியம் இதுதான். டிசம்பர் கடைசியில் அத்தை கலிபோர்னியாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறார். துணைக்கு நான். அங்கே பாலைவனத்தில் இருக்கும் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் ஒரு சின்ன வட்டப்பாதையாவது நடந்துவிட வேண்டும் என்பது அத்தையின் ஆசை. வயது 67. வலது முழங்கால் படி இறங்கும்போது வலிக்கும். ஆனால் இந்த ஆசை நேற்று முளைத்ததில்லை. இடைநிலைப்பள்ளியில் தமிழ் இலக்கியம் சொல்லிக்கொடுத்தவர் அவர். "குறிஞ்சின்னா ஜன்னலத் திறந்து கொடிமலயக் காட்டுவேன். நெய்தலுக்குக் கடல் இருக்கு. மருதத்துக்குக் கெடா வயல். முல்லைக்குக் காடு. பாலை வந்தா மட்டும் கரும்பலகையத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன். வருசா வருசம் பிள்ளைங்க கேக்கும், டீச்சர் நீங்க பாத்திருக்கீங்களான்னு."

ராத்திரி பத்து மணிக்கு அத்தான் வீடியோவில் வந்தார். அங்கே காலை ஏழு. பூங்காவின் வரைபடத்தைத் திரையில் காட்டினார். சுலபமான வட்டப்பாதைகள் நிறைய இருக்கின்றன. கேப் ராக் 0.4 மைல், அதாவது 600 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், தரை சமமானது. ஹிட்டன் வேலி 1 மைல், சுற்றிலும் பாறைகள் மதில் மாதிரி நிற்கும், திருடிய மாடுகளை அந்தக் காலத்தில் அதற்குள்தான் ஒளித்து வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. பார்க்கர் டேம் 1.1 மைல், நம் கணக்கில் 1.8 கிலோமீட்டர். மாடு வளர்த்தவர்கள் 1900 வாக்கில் கட்டிய சின்ன அணை, பாதையில் இருக்கிறது. மழை பெய்த பருவத்தில் அதில் தண்ணீர் நிற்கும், காட்டாடுகள் குடிக்க வரும். மற்ற நேரத்தில் வறண்டு கிடக்கும். பக்கத்துப் பாறையில் பழங்குடி மக்கள் செதுக்கிய உருவங்கள் இருக்கின்றன. பின்னாளில் யாரோ அவற்றின் மேல் வர்ணம் பூசிவிட்டார்கள். அதைக் கேட்டதும் அத்தைக்கு முகம் சுருங்கியது.

1.8 கிலோமீட்டர்தானே என்று நான் சொன்னேன். கோலாலம்பூரில் எங்கள் வீட்டிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போய்வரும் தூரம்கூட இல்லை.

"தூரத்த வெச்சுப் பாக்காத," என்றார் அத்தான். பூங்காவின் ஓரத்தில் சில இடங்களைத் தவிர, உள்ளே குடிதண்ணீர்க் குழாய் கிடையாது. வெளியே ஊரிலேயே நிரப்பிக்கொண்டு போக வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கேலன், நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நடப்பதாக இருந்தால் இன்னும் அதிகம். பெரும்பாலான இடத்தில் கைப்பேசிக்கு அலைவரிசை வராது. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். பகலில் 15 டிகிரி அளவில் இதமாக இருக்கும், இருட்டியதும் உறைநிலைக்கு இறங்கும். அப்புறம் ஒரு விதி: கையில் உள்ள தண்ணீரில் பாதி தீர்ந்தால், எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும்.

அத்தை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசி வரியின் கீழ் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு. தண்ணீர்மலை

காலை ஆறரைக்கே தாவரவியல் பூங்கா வாசலில் இறங்கினோம். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. கிராப் வாடகைக் காருக்கு 14 வெள்ளி. ஒத்திகைக்கு அத்தை எடுத்த முடிவு: பூங்காவுக்குள் ஒரு சுற்று, பிறகு முருகன் கோயில் படிகள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். நான் இரண்டு போத்தல், அத்தை இரண்டு போத்தல், அவரவர் பையில். அத்தை பையை நான் தூக்குகிறேன் என்று சொன்னதற்கு, "அங்க வந்து நீ ரெண்டு பேருக்கும் தூக்குவியா? என் தண்ணி என் முதுகுல" என்றார்.

இந்தப் பூங்கா 1884இல் தொடங்கியது. அதற்கு முன் இது கருங்கல் உடைத்த இடம். இது தெரியாமலே எத்தனையோ முறை இங்கே வந்து மரங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். இந்த முறை ஓடைப் பக்கம் உருண்டு கிடக்கும் பாறைகளைப் பார்த்தேன். யானை முதுகு போல வழவழப்பாக, பாசி படிந்து, பாதி மண்ணுக்குள் புதைந்து.

ஒரு சுற்று முடிவதற்குள் என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அத்தை நெற்றியைத் துடைத்த கைக்குட்டையை முறுக்கிப் பிழிந்தார். சொட்டுச் சொட்டாக நடைபாதைக் கல்லில் விழுந்தது. விழுந்த இடம் காயவேயில்லை. நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தபோதும் அந்த ஈரம் அப்படியே இருந்தது. இங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை போக இடமில்லாமல் உடம்பிலேயே வழிகிறது. பாலைவனத்தில் நேர்மாறு. வியர்த்த நொடியே காற்று குடித்துவிடும். சட்டை நனையாது, தோல் காய்ந்தே இருக்கும், உடம்பிலிருந்து தண்ணீர் போனது தெரியாது. கழுத்திலும் தொப்பி விளிம்பிலும் உப்பு வெள்ளையாகப் படிவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டிசம்பர் குளிரில் தாகமும் எடுக்காது. பினாங்கில் பழகிய உடம்புக்கு இது புதிது. வியர்வையைப் பார்த்துத் தண்ணீர் குடிப்பதுதான் எங்கள் வழக்கம். இதைத்தான் முக்கியமாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அதனால் கைப்பேசியில் இருபது நிமிடத்துக்கு ஒரு மணி வைத்தோம். மணி அடித்தால் தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாலு மிடறு.

முதல் மணி அடித்த நேரம் பார்த்து ஒரு குரங்கு. போத்தலை எடுக்கப் பையைத் திறந்து பெஞ்சில் வைத்திருந்தேன். எள்ளுருண்டைப் பொட்டலம் போயே போய்விட்டது. அந்தப் பக்கம் கைவீசிப் பயிற்சி செய்துகொண்டிருந்த இரண்டு சீனப் பெரியவர்கள் ஓடிவந்து, மூங்கில் குச்சியைத் தரையில் தட்டி மற்ற குரங்குகளை விரட்டினார்கள். அத்தையின் முழங்கால் பட்டையைப் பார்த்து ஒருவர், "பெலான்-பெலான், ஆண்டி. நாய்க் தங்கா, சியாப்பா-சியாப்பா பூன் பெரெந்தி" என்றார். மெதுவாகப் போங்கள், படி ஏறும்போது எல்லாரும்தான் நிற்பார்கள் என்று. அவர் தினமும் மலைப்பாதை தொடங்கும் மூன் கேட் வழியாக மேலே நடப்பவராம். மேலே தொண்டர்கள் நடத்தும் ஓய்விடத்தில் சுடச்சுடத் தேநீர் ஊற்றித் தருவார்கள், உண்டியலில் விரும்பியதைப் போடலாம். அதை அவர் சொன்னபோது அவர் குரலில் சொந்த வீட்டைப் பற்றிச் சொல்லும் பெருமை இருந்தது. எனக்கும் அது பெருமைதான். மலையில் நடக்கிறவனுக்கு முகம் தெரியாத ஒருவர் தேநீர் வைத்திருக்கும் ஊர் இது.

அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. மலைமேல் புதிய கோயில் 2012இல் வந்தது. ஐம்பது படிக்கு ஒருமுறை நிற்பது என்று பேசி வைத்திருந்தோம். அத்தை எண்ணிக்கொண்டே ஏறினார். இருநூற்றைத் தாண்டியதும் எண்ணிக்கை நின்று "முருகா" மட்டும் வந்தது. மேலே போய்ச் சேர 38 நிமிடம். அங்கிருந்து பார்த்தால் கடல் வரை கட்டடங்கள், பின்னால் பச்சை மலை. அத்தை வெகுநேரம் பின்பக்கத்து மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏறுவது சுகம். இறங்குவதுதான் முழங்காலுக்கு வேலை. பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக இறங்கினார். ஹிட்டன் வேலியில் கல்படிகள் அதிகம் என்று அத்தான் சொல்லியிருந்தார். பாதி இறங்கும்போதே அத்தை சொல்லிவிட்டார்: "ஹிட்டன் வேலி வேணாம். பார்க்கர் டேம்." பட்டியல் ஒன்றாகச் சுருங்கியது.

கீழே ஒட்டுக்கடையில் தோசை, சாம்பார், இரண்டு தே தாரிக். 9 வெள்ளி 40 சென். அத்தை மட்டும் சாம்பாரைக் கிண்ணத்தோடு எடுத்துக் குடித்தார். உப்பு இறங்கின உடம்பு கேட்கிறது என்றார்.

சாயங்காலம் மழை. அத்தானிடம் பாறைகளைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தில் என்னை உலுக்கிய விஷயம் இதுதான். ஜோஷுவா ட்ரீயின் பாறைகளும் கருங்கல் வகைதான். பூமிக்கு அடியில் குழம்பாக இருந்து மெல்ல இறுகியவை. இறுகும்போது குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விழுந்தது. அந்த இடம் இன்றைவிட ஈரமாக இருந்த காலத்தில், மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி அந்த வெடிப்புகள் வழியே பாறையின் மூலைகளை அரித்து உருட்டியது. இதெல்லாம் நிலத்துக்கு அடியிலேயே நடந்தது. பிறகு நிலம் வறண்டது. மேல்மண்ணைப் பிடித்துவைக்கச் செடிகொடி போதவில்லை. அவ்வப்போது கொட்டிய மழை மண்ணை அடித்துக்கொண்டு போனது. உள்ளே உருண்டிருந்த பாறைகள் வெளியே வந்து ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன.

பினாங்குத் தீவும் கருங்கல் தீவு. காலையில் ஓடைக்கரையில் பார்த்த பாறைகளும் இப்படித்தான் மண்ணுக்குள் உருண்டவை. அங்கே மண் போய்விட்டது. இங்கே மண்ணும் காடும் இன்னும் மூடியிருக்கின்றன.

நான் சொல்லி முடித்ததும் அத்தை பேசவில்லை. எழுந்து போய் அடுப்பில் கோப்பி வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்துதான் பேசினார். பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது, குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் தம் இயல்பு கெட்டால் அதுதான் பாலை, இதைத்தானே நம் ஆட்கள் சொல்லி வைத்தார்கள் என்றார். "அத நான் உவமை மாதிரிதான்யா நடத்துனேன். கல்லே அப்படித்தான் இருக்குன்னு யாரும் எனக்குச் சொல்லலியே."

பிறகு நோட்டைத் திறந்து கணக்குப் பார்த்தார். பாலைக்குப் பொழுது நண்பகல். பருவம் வேனில், பின்பனியும் உண்டு. நாங்கள் போவது மார்கழி, முன்பனி. "பருவம் தப்பித்தான் போறோம். பரவால்ல. வேனில்ல போனா நாம திரும்ப மாட்டோம்." அது உண்மை. கோடையில் அங்கே 38 டிகிரியைத் தாண்டும்.

செப்டம்பர் 15, திங்கள். தெலுக் பாஹாங்

இன்று பினாங்கு தேசியப் பூங்கா. கடலோரப் பாதையில் மங்கி பீச் வரை நடப்பது, திரும்புவதற்குப் படகு. நடையும் படகுமாக அதுவும் ஒரு வட்டம்தான் என்று நான்தான் திட்டம் போட்டேன். துறையில் படகுக்காரர் 60 வெள்ளி கேட்டார், ஆனால் மதியத்துக்கு மேல் அலை எழும்பினால் வரமாட்டேன் என்று முன்னதாகவே சொல்லிவிட்டார். அந்த நேர்மை பிடித்திருந்தது. திட்டத்தில் இருந்த ஓட்டையும் அங்கேயே தெரிந்தது.

ஒன்பது மணிக்குப் பெயர் பதிந்துவிட்டுக் கிளம்பினோம். ஆரம்பத்தில் சிமெண்டுப் பாதை, பிறகு வேரும் கல்லுமாக ஏற்ற இறக்கம். வலப்பக்கம் கடல் பளபளத்துக்கொண்டே வந்தது. காற்று மட்டும் துளியும் இல்லை.

நாற்பது நிமிடம் போயிருக்கும். என் இடது காலணிக்குள் ஏதோ நசுங்குவது போல இருந்தது. இரண்டு எட்டு வைத்துப் பார்த்தேன். மூன்றாவது எட்டில் அடிப்பாகம் முழுசாகக் கழன்று பாதையில் கிடந்தது. குனிந்து எடுத்தால், மேல்தோலுக்கும் ரப்பருக்கும் நடுவில் இருக்கும் மெத்துப் பகுதி ஈரமான ரஸ்க் மாதிரி விரலில் உதிர்ந்தது. எட்டு வருடம் முன்னால் கினபாலு மலை ஏறுவதற்காக வாங்கிய காலணி. ஒரே ஒரு முறை போட்டு, கழுவி, பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்தது. பார்க்கப் புதுசு. அதனால்தான் டிசம்பருக்கும் இதுவே போதும் என்று நினைத்திருந்தேன்.

பின்னால் வந்த மலாய்க்காரக் குடும்பம் நின்றது. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். அவர் எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டுக் கூடையைக் கட்டியிருந்த ராபியா என்ற பிளாஸ்டிக் கயிற்றை அவிழ்த்து, பல்லால் கடித்து இரண்டாக்கி, என் காலருகே குந்தி உட்கார்ந்தார். கயிற்றை அடிப்பாகத்துக்குக் கீழே இரண்டு சுற்று, கணுக்காலுக்குப் பின்னால் ஒரு சுற்று, முன்னால் கொண்டுவந்து முடிச்சு. நான் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. இறுக்கிவிட்டு நிமிர்ந்து, "போலே ஜாலான்" என்றார். நடக்கலாம். பெரிய பிள்ளை கூடையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றது.

கடற்கரைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். இருபது நிமிடம் என்றார்கள்.

அப்போது கைப்பேசி மணி அடித்தது. போத்தலை எடுத்த அத்தை அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இரண்டாவது போத்தலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். முதலாவதில் ஒரு சொட்டு இல்லை. "பாதி," என்றார். பையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்த திசையில் திரும்பிவிட்டார்.

நான் வாதாடினேன். இருபது நிமிடம்தான் அத்தை. அங்கே கடை இருக்கும். படகு இருக்கும். இங்கே காட்டில் யார் தாகத்தால் விழப்போகிறார்கள்? அத்தை கோபப்படவில்லை. "கட இருக்கும்னு நீ நெனக்கிற. படகுக்காரர் வருவேன்னு சொல்லல. உன் செருப்பு கயித்துல நிக்குது. வீட்டுல ஒக்காந்து பேசினப்போ பாதின்னு சொன்னோம். இங்க நின்னு வேற கணக்குப் போட்டா, அங்க நின்னும் வேற கணக்குத்தான் போடுவோம்."

எனக்கு ஏமாற்றம்தான், மறைக்கவில்லை. திரும்பும் வழி முழுக்க நான் பேசவில்லை. கயிறு இரண்டு முறை நழுவியது. துறைக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. கடைசிப் பத்து நிமிடம் இருவருடைய போத்தலும் காலி. அலுவலகக் கூரைக்குக் கீழே வந்து நின்று கொஞ்ச நேரத்தில் மழை இறங்கியது. கடல் வெள்ளையாகிவிட்டது. படகுகள் கட்டிக் கிடந்தன.

அந்தக் குடும்பத்தை நினைத்துக்கொண்டு நின்றோம். மழை விட்ட பிறகு ஒன்றரை மணி வாக்கில் நனைந்து வந்து சேர்ந்தார்கள், நடந்தே. பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தன. அத்தை அவர்களைக் கடைக்கு அழைத்துப் போய் ஆளுக்கொரு ஜாதிக்காய்ச் சாறு வாங்கிக் கொடுத்தார். கணவர் காசு நீட்டினார். அத்தை அவர் கையை அப்படியே மூடிவிட்டார். ஏழு குவளை, 24 வெள்ளி 50. எனக்கு ஜாதிக்காயின் அந்தக் காரமும் புளிப்பும் அன்றுபோல் என்றும் ருசித்ததில்லை.

ராத்திரி மூன்றாவது பக்கம் எழுதினோம். நேராகப் போய்வரும் பாதையில் பாதித் தண்ணீர் விதி எளிது. வட்டப்பாதையில் பாதியைத் தாண்டிவிட்டால் முன்னே போவதுதான் பக்கம், பின்னே திரும்புவது தூரம். அதனால் தண்ணீரை மட்டும் நம்பாமல் ஓர் இடத்தையும் முன்கூட்டிக் குறிக்க வேண்டும். பார்க்கர் டேமில் அந்த இடம் அணைக்கரை. அங்கே நின்று தண்ணீர், முழங்கால், மணி மூன்றையும் பார்ப்பது. ஒன்று சரியில்லை என்றாலும் வந்த வழியே திரும்புவது. காலை பத்துக்குக் கிளம்புவது, அதற்கு முன் குளிர் விறைக்கும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதி வீட்டில் அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போவது. வரைபடத்தை முதல் நாளே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்வது.

தூங்கப் போகும் முன் அத்தை நகப்பூச்சுக் குப்பியை எடுத்து வந்தார். நாலு போத்தலிலும் நடுவில் ஒரு சிவப்புக் கோடு.

செப்டம்பர் 16, செவ்வாய். ஜார்ஜ்டவுன்

மலேசிய தினம். கடைத்தெரு முழுக்கக் கொடி.

லிட்டில் இந்தியாவில் அஞ்சடியில், கடை முன்னால் இருக்கும் கூரை நடைபாதையில், உட்கார்ந்து செருப்புத் தைக்கும் அண்ணன் ஒருவரிடம் காலணியைக் காட்டினேன். கையில் வாங்கி, அந்த உதிர்ந்த பகுதியைக் கட்டைவிரலால் சுரண்டினார். "ஒட்டுனா நிக்காது தம்பி. பசை போகல, உள்ள இருக்கிற நுரையே செத்துப்போச்சு. போட்டு நடந்துகிட்டே இருந்திருந்தா இன்னும் வந்திருக்கும். அலமாரில வெச்சதுதான் தப்பு." நடுவில் இருப்பது பாலியூரித்தேன் நுரை. காற்றின் ஈரம் வருடக்கணக்கில் அதற்குள் இறங்கி அதைச் சிதைத்துவிடும். நம் ஊர் அலமாரியில் அது சீக்கிரம் நடக்கும். வேலை செய்யாததற்குக் காசு வேண்டாம் என்றார். பக்கத்துக் கடையில் தேநீர் மட்டும் வாங்கிக்கொண்டார். பழைய மலையேற்றக் காலணி வைத்திருப்பவர்கள் இன்றே எடுத்து அடிப்பாகத்தை வளைத்து, அழுத்திப் பாருங்கள். அந்தப் பாலைவன முள்ளுக்கும் கல்லுக்கும் நடுவில் எனக்கு ராபியா கயிறு கிடைத்திருக்காது.

முள் என்றதும் இன்னொன்று. அங்கே சோயா என்று ஒரு கள்ளி உண்டு. உரசினாலே முள்ளுருண்டை உடையிலும் தோலிலும் ஒட்டிக்கொள்ளும், குதித்து ஏறுவதாகவே பேர். கையால் பிடுங்கினால் கையில் ஏறும். சீப்பை உள்ளே விட்டு நெம்பித் தள்ள வேண்டும். வரிசைக் கடையில் இரண்டு சீப்பு வாங்கினோம், 1 வெள்ளி 50 ஒன்று. ஜோஷுவா மரமே கள்ளி என்று அத்தை எண்ணியிருந்தார். அது யுக்கா இனம், நம் ஆனைக்கற்றாழைக்கு உறவு. அதன் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோவது யுக்கா அந்துப்பூச்சிதான். அந்தப் பூச்சி முட்டையிடுவதும் அதே பூவில்தான். சீப்புக்குச் சில்லறை வாங்கும்போது அத்தை இதைக் கடைக்காரப் பெண்ணுக்கும் சொன்னார். அந்தப் பெண் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கடைசி ஒத்திகை. அத்தையின் யோசனைதான். பார்க்கர் டேம் அளவுக்கு ஒரு வட்டத்தை ஊருக்குள்ளேயே நடப்பது, நண்பகலில், நான்கு லிட்டர் தண்ணீரோடு. குயின் தெரு மாரியம்மன் கோயில் வாசல். லைட் தெரு. பாடாங் கோத்தா கடலோரம். கோட்டை மதிலைச் சுற்றி மணிக்கூண்டு. அங்கிருந்து பீச் தெரு, மார்க்கெட் தெரு, மறுபடி கோயில். கைப்பேசிக் கணக்கில் 1.9 கிலோமீட்டர்.

நான்கு லிட்டர் என்றால் நான்கு கிலோ. வீட்டுக்குள் தூக்கிப் பார்த்தபோது பெரிதாகத் தெரியவில்லை. கடலோரத்தில் நிழல் விட்டதும் பைப்பட்டை தோளில் இறங்கியது. அத்தை இடுப்புப் பட்டையை இறுக்கச் சொன்னார், பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு மாறியது. குனிந்து நடக்காமல் நிமிர்ந்து நடந்தால் முழங்காலுக்கு இதமாக இருக்கிறதாம். மணிக்கூண்டைத்தான் அணைக்கரை என்று வைத்துக்கொண்டோம். விக்டோரியா ராணி பட்டமேறி அறுபது ஆண்டு ஆனதற்கு அறுபது அடி உயரத்தில் எழுப்பியது. அதன் நிழலில் நின்றோம். அத்தை போத்தல் கோட்டைப் பார்த்தார். முழங்காலை மடக்கி நீட்டினார். மணியைப் பார்த்தார். "போலாம்," என்றார்.

மொத்தம் 52 நிமிடம். கோயில் வாசலில் பையை இறக்கியபோது அத்தையின் சேலை முதுகுப்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. முகத்தில் அசதி இருந்தது, வலி இல்லை. உள்ளே போய் விழுந்து கும்பிட்டு வந்தார். சாப்பாட்டுக்கு நாசி கண்டார், ஆட்டுக்கறி, வெண்டைக்காய், குழம்பு கலந்து, இருவருக்கும் 31 வெள்ளி. அத்தை இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினார்.

படகுத்துறை வரை வழியனுப்ப வந்தார். டிசம்பருக்குள் இன்னும் பத்து முறை இந்தச் சுற்றை நடந்துவிடுவேன் என்றார். வாரம் ஒன்று, சனிக்கிழமை. நான் புதுக் காலணி வாங்கி, இப்போதிருந்தே போட்டு நடந்து பழக வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். ராத்திரிக்குப் புளிச்சோறும் முட்டையும் கட்டிக் கொடுத்தார். அத்தோடு சிவப்புக் கோடு போட்ட போத்தல் ஒன்று.

ரயிலில் மறுபடி அதே குளிர். தாகமே இல்லை. ஆனாலும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசி மணி அடித்தது, நானும் நாலு மிடறு குடித்தேன். தைப்பிங் தாண்டும்போது தண்ணீர் கோட்டுக்கு வந்திருந்தது.